நின்ற நேரங்கள்

செவ்வாய், மாலை 6.40. மடிவாளா சந்தையைத் தாண்டி. மழை இல்லை. புறப்பட்டு 45 நிமிடம். முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தபோது சட்டென்று நின்றது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. 18 நிமிடம் கழித்து ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது.

இந்த நோட்டின் முதல் பதிவு இது. அதற்கு முன் எத்தனையோ முறை நின்றிருக்கிறது. எழுதி வைக்காததால் அவை எல்லாம் சேர்ந்து ஒரே எரிச்சலாகத்தான் நினைவில் இருக்கின்றன. எழுதச் சொன்னவர் பெங்களூர் வில்சன் கார்டனில் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, இப்போது நன்றாக ஓடுகிறது என்றேன்.

"நல்லா ஓடுற வண்டிய நான் இன்னா சார் பண்றது? எப்ப நின்னுச்சு, எங்க நின்னுச்சு, மழையா வெயிலா, எத்தினி நேரம் கழிச்சு எடுத்துச்சு, எல்லாத்தையும் எழுதிக்கினு வாங்க. அப்பால பார்க்கலாம்."

பானெட்டைக்கூடத் திறக்காமல் அனுப்பிவிட்டார். அன்று ஏமாற்றமாக இருந்தது.

*

என் வண்டி 1990களின் நடுவில் வந்த ஒரு கார். நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர். அண்ணனிடம் வருவதற்கு முன் இரண்டு இடங்களில் காட்டியிருந்தேன். முதலில் நான்கு பிளக்கும் மாறின. ஆறு நாள் நிற்கவில்லை. பிறகு பிளக் வயர்கள் மாறின. ஒரு வாரம் ஓடியது. அதன் பிறகு இக்னிஷன் காயில். ஐந்து நாள்.

ஒவ்வொரு முறையும் தீர்ந்தது என்றே நம்பினேன். விட்டு விட்டு வரும் பழுதுக்குத் தானாக ஓய்ந்திருக்கும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் எந்தப் பாகத்தை மாட்டினாலும், பழுதைத் தீர்த்த பெயர் அந்தப் பாகத்துக்குப் போய்விடுகிறது. மூன்று பாகங்களுக்கு இப்படிப் பெயர் கொடுத்தேன். கழற்றிய பழைய காயிலை அண்ணன் பின்னால் சோதித்துப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

*

நோட்டில் போட்ட கட்டங்கள்: நாள், நேரம், இடம், வானிலை, புறப்பட்டு எத்தனை நிமிடம், வேகம், எப்படி நின்றது, மறுபடி ஸ்டார்ட் ஆக எத்தனை நிமிடம்.

"எப்படி நின்றது" என்ற கட்டத்தை அண்ணன்தான் சேர்க்கச் சொன்னார். பெட்ரோல் போகாமல் நிற்கும் வண்டி முதலில் தடுமாறும். மிதித்தால் இழுக்காது, இரண்டு குலுக்கல் குலுக்கும், பிறகுதான் நிற்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரக் கொஞ்ச நேரம் ஆகும் அல்லவா? கரண்ட் போய் நிற்கும் வண்டி, வீட்டில் ஃபேன் சுவிட்சை அணைத்ததுபோல் முன்னறிவிப்பில்லாமல் நிற்கும்.

என் பதிவுகள் அனைத்திலும் இருப்பது ஒரே சொல்: சட்டென்று. இந்த ஒரு சொல்லால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், கார்புரேட்டர் மூன்றும் சந்தேகப் பட்டியலிலிருந்து இறங்கிவிட்டன. ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல் பாதி வண்டியைச் சோதித்து முடித்ததுபோல.

*

பழைய வண்டியின் இக்னிஷன் அமைப்பை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பேட்டரி இக்னிஷன் 1910ஆம் ஆண்டுக் கேடிலாக் கார்களில் வந்தது. அதன் அடிப்படை அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு அதிகம் மாறவில்லை. காயிலின் முதல் சுற்றில் 12 வோல்ட் கரண்ட் ஓடும். அதைச் சரியான கணத்தில் அறுத்தால் காயிலின் காந்தப்புலம் சரியும். அந்தச் சரிவில் இரண்டாம் சுற்றில் பத்து, இருபதாயிரம் வோல்ட் எழும். பிளக் முனையில் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக விழும்.

அப்பா காலத்து அம்பாசடரில் கரண்டை அறுத்தது சி.பி. பாயிண்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அதை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளி பார்த்து முறுக்குவார். என் வண்டியில் அந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன மின்னணுப் பெட்டி. இரண்டுக்கும் கரண்ட் வரும் வழி ஒன்றுதான்: பேட்டரி, சாவி, வயர், காயில்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு சிலிண்டர் வண்டி நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 6,000 பொறி, நொடிக்கு 100. ஓசூர் வரை ஒரு மணி நேரம் அப்படி ஓடினால் 3,60,000. இத்தனை பொறியும் ஒரே ஒரு வயரை நம்பியிருக்கின்றன. அந்த வயரில் அரை நொடி தடை வந்தால் ஐம்பது பொறி விழாது.

*

விட்டு விட்டு வரும் நோய்க்கும் நம் ஊரில் ஒரு சொல் உண்டு: முறைக்காய்ச்சல். மலேரியாவைச் சொல்வது. ஒரு நாள் கொதிக்கும், மறுநாள் விட்டிருக்கும். வைத்தியரைப் பார்க்கப் போகிற நாளில் உடம்பு குளிர்ந்து கிடக்கும்.

அந்த முறையைக் குறித்து வைத்ததுதான் மருத்துவத்தில் ஒரு கதவைத் திறந்தது. 1880களில் இத்தாலியில் கமில்லோ கோல்ஜி, ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டு கிருமிகள் வெளிவரும் வேளையில்தான் காய்ச்சல் ஏறுகிறது என்று கண்டார். ஒரு நாள் விட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு கிருமி, இரண்டு நாள் விட்டு வருவதற்கு வேறு கிருமி. காய்ச்சல் வரும் நேரமே கிருமியை அடையாளம் காட்டியது.

ரொனால்ட் ராஸ் 1883இல் பெங்களூரில் தற்காலிகப் படை மருத்துவராக இருந்தவர். தான் தங்கியிருந்த இடத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கொசு குறைகிறது என்று அப்போதே கவனித்தார். கொசுவுக்குள் மலேரியாக் கிருமியை அவர் கண்டது 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத்தில். நடுவில் பதினான்கு ஆண்டுகள். இந்த நோட்டை எடுக்கும்போதெல்லாம் அந்தப் பதினான்கு ஆண்டுகளை நினைத்துக்கொள்கிறேன். என்னுடைய பொறுமை இரண்டு மாதத்தையே தாண்டவில்லை.

*

பதிவு 2: பனசங்கரி, மாலை 7.10, மழை இல்லை, 50 நிமிடம், நெரிசல், சட்டென்று. 20 நிமிடம் கழித்து எடுத்தது.

பதிவு 3: சில்க் போர்டு, மாலை 6.55, மழை இல்லை, 40 நிமிடம், நெரிசல், சட்டென்று. 15 நிமிடம்.

பதிவு 4: ஹெப்பால், பகல் 2.00, நல்ல வெயில், 55 நிமிடம், நெரிசல், சட்டென்று. 25 நிமிடம்.

பதிவு 5: மறுபடி சில்க் போர்டு.

ஐந்துக்கும் ஒரே முகம். சூடு ஏறினால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. காயிலுக்குள் முடி போன்ற கம்பி சூட்டில் விரிந்து விட்டுப்போவதும், மின்னணுப் பெட்டி சூட்டில் செயலிழப்பதும் உண்மையிலேயே நடக்கிற பழுதுகள். நிற்கிற நேரத்தில் ஈரத்துணியைக் காயில் மேல் போட்டுப் பார், உடனே எடுத்தால் காயில்தான் என்பது பழைய மெக்கானிக்குகளின் சோதனை. பதிவு 5இல் அதைச் செய்தேன், பெட்டி மேலும் துணி போட்டேன். காயிலும் குளிர்ந்தது, பெட்டியும் குளிர்ந்தது. வண்டி எடுக்கவில்லை.

ஓடும் எஞ்சினைவிட இப்போதுதான் நிறுத்திய எஞ்சினின் பானெட்டுக்குள் சூடு அதிகம் என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். காற்று ஓட்டம் இல்லை, ரேடியேட்டர் தண்ணீரும் சுழல்வதில்லை. எஞ்சினின் இரும்புக்குள் இருந்த வெப்பம் எல்லாம் மேலே வந்து வயர்களிலும் ரப்பரிலும் உட்காருகிறது. பெங்களூர் நெரிசலில் ஊர்வதும் நிற்பதுமாகப் போகும் வண்டிக்கும் காற்று ஓட்டம் போதாமல் சூடு மணிக்கணக்கில் தங்குகிறது. ஊர் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. பானெட்டுக்குள் அந்தக் குளிர்ச்சி எட்டுவதில்லை.

*

பதிவு 6: வீட்டிலிருந்து புறப்பட்டு 4 நிமிடம். காலை 7.50. இரவெல்லாம் மழை பெய்திருந்தது. எஞ்சின் குளிர்ச்சி. சட்டென்று நின்றது. பானெட்டைத் திறந்து அங்கங்கே தொட்டேன், ஆட்டினேன். 5 நிமிடத்தில் எடுத்தது.

இந்தப் பதிவைக் கிட்டத்தட்ட எழுதாமல் விட்டிருப்பேன். சூட்டில் நிற்கும் வண்டி என்று மனசுக்குள் முடிவாகிவிட்டது, இது குளிர்ச்சியில் நின்றிருக்கிறது. "இது வேறு ஏதோ" என்று ஒதுக்கத் தோன்றியது. எழுதி வைத்தேன். பதிவு 9ம் அப்படியே: மழைக்கு மறுநாள் காலை, 7 நிமிடம்.

மொத்தம் பதினொன்று. ஒன்பது சூட்டில், இரண்டு ஈரத்தில்.

நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அண்ணன் ஒன்பதையும் வேகமாகப் புரட்டிவிட்டு இந்த இரண்டிலும் விரலை வைத்தார்.

"இதான் சார் வேணும். காயிலா இருந்தா சூட்டுலதான் நிக்கும். மழைக்கும் அதுக்கும் இன்னா சம்மந்தம்? சூட்டுலயும் நிக்குது, ஈரத்துலயும் நிக்குதுன்னா எங்கியோ ஜாயிண்ட்டு. கப்ளரோ, எர்த்தோ."

ஒன்பது பதிவுகள் எனக்கு ஒரு கதையைச் சொல்லி நம்ப வைத்திருந்தன. அதோடு ஒத்துப்போகாத இரண்டு பதிவுகள்தான் உண்மையான இடத்துக்கு வழி காட்டின.

*

ஈரத்தில் நிற்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று அன்று இரவு ஒரு சோதனை. பார்க்கிங்கில் விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, பிளக் வயர்கள் மேலும் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி மேலும் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீரைப் பனிபோல அடிக்க வேண்டும். கையை உள்ளே விடக் கூடாது. வெடித்த வயர் இருந்தால் நீலப் பொறிகள் எஞ்சின் உடம்பில் தாவுவது இருட்டில் கண்ணுக்குத் தெரியும். மூடிக்குள் கீறல் இருந்தால் வண்டி மிஸ்ஸிங் அடிக்கும்.

இருட்டாகவே இருந்தது. எஞ்சின் சீராக ஓடியது. ஒன்றும் தெரியாததும் பதிவுதான். எழுதினேன்.

*

அண்ணன் கோலார் தங்கவயல்காரர். தாத்தா வடாற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர், அப்பா சுரங்கத்தின் மின்சாரப் பிரிவில் இருந்தவர். 2001இல் சுரங்கம் மூடப்படும் முன்பே அண்ணன் பெங்களூருக்கு வந்துவிட்டார்.

சிவனசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் முதலில் போனது தங்கவயலுக்கு, 1902இல், சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாக. பெங்களூரின் தெருவிளக்குகள் எரிந்தது 1905 ஆகஸ்ட் 5 அன்று. பெங்களூருக்கு மூன்று ஆண்டு முன்பே சுரங்கத்துக்கு வெளிச்சம். அதே 1902இல்தான் ஜெர்மனியில் பாஷ் பட்டறையில் காட்லோப் ஹொனால்ட், உயர்வோல்ட் மாக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். 1951இல் தொடங்கப்பட்ட மைக்கோ கம்பெனி வழியாக அந்தத் தொழில் பெங்களூரின் ஆடுகோடிக்கு வந்தது. மைக்கோ என்ற பெயர் 2008இல் பாஷ் என்று மாறியது. மைக்கோ லேஅவுட் மட்டும் பழைய பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது.

சுரங்கத்தைப் பற்றிப் பேசும்போது அண்ணன் சொன்னார்: "சுரங்கத்துக்குள்ள எங்கப்பா கையில லாம்புதான் சார். ரெண்டு வயரு, ஒரு பல்பு. எரிஞ்சா கரண்ட் இருக்கு, எரியலன்னா இல்ல. மீட்டரு எல்லாம் அப்பால வந்தது."

*

மீட்டர் எப்போது ஏமாற்றும் என்பதை அவர் மேஜையிலேயே காட்டினார். ஒரு வயரை எடுத்து, உள்ளே இருக்கும் இழைகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அறுத்தார். மல்டிமீட்டரை வைத்தால் பீப் என்கிறது, வயர் சரி என்கிறது. மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது, அதற்கு ஒரு இழை போதும். அதே வயர் வழியாக 60 வாட் ஹெட்லைட் பல்பை எரித்தார். அது கேட்பது 5 ஆம்பியர். பல்பு மங்கலாக எரிந்தது, மிஞ்சிய இழை சுட்டது.

அதனால் வயரைச் சுமையோடு சோதிக்க வேண்டும். கரண்ட் ஓடும்போது மீட்டரை இணைப்பின் இரு பக்கமும் வைத்து, அந்த இடத்தில் எத்தனை வோல்ட் காணாமல் போகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல இணைப்பில் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. காயில் வயரில் 4 ஆம்பியர் ஓடுகிறது என்று வைப்போம். இணைப்பில் அரை ஓம் தடை சேர்ந்தால் 2 வோல்ட் அங்கேயே தொலைகிறது. கூடவே 8 வாட் வெப்பம், சிறிய சால்டரிங் அயர்னின் மூன்றில் ஒரு பங்கு, சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில். அந்த வெப்பம் பித்தளையைக் கருக்குகிறது. கருகினால் தடை கூடுகிறது, தடை கூடினால் வெப்பமும் கூடுகிறது. பழுது தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

எர்த் பற்றியும் ஒன்று. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையில் ஒரு பின்னல் பட்டை இருக்கும். அது அறுந்துபோனால் செல்ஃப் எடுக்கும் பெருங்கரண்ட் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் உருகிப்போன வண்டிகளை அண்ணன் பார்த்திருக்கிறார். கேபிளை மட்டும் மாற்றி அனுப்பினால் அடுத்த கேபிளும் உருகும். என் வண்டியில் பட்டை நன்றாக இருந்தது. எழுதினேன்.

*

ஓடும் வண்டியிலேயே இப்படிச் சோதிக்க, எஸ்.பி. ரோட்டில் இரண்டு சின்ன பல்பு, ஹோல்டர், முதலை கிளிப், பத்து மீட்டர் வயர் வாங்கினேன். எல்.இ.டி. வேண்டாம், இழை பல்புதான் வேண்டும் என்று அண்ணன் அழுத்திச் சொல்லியிருந்தார். எல்.இ.டி. ஒரு சொட்டுக் கரண்டிலும் எரிந்து, எல்லாம் சரி என்று காட்டிவிடும்.

ஒரு பல்பு, சாவியிலிருந்து வெளியே வரும் வயரில். இன்னொன்று, காயிலின் பிளஸ் முனையில். இரண்டையும் டாஷ்போர்டுக்கு மேல் அருகருகே ஒட்டினார். இனி வண்டி நிற்கும்போது மூன்றில் ஒன்று நடக்கும். இரண்டும் அணைந்தால் பழுது சாவியிலோ அதற்கு முன்னாலோ. இரண்டும் எரிந்தால் காயிலிலோ அதற்குப் பின்னாலோ. முதலாவது எரிந்து இரண்டாவது அணைந்தால் நடுவில்.

"இனிமே நின்னா கோவம் வராது பாருங்க" என்றார் அண்ணன். உண்மைதான். எட்டு நாள் வண்டி நிற்காமல் ஓடியதில் எனக்கு வருத்தம்கூட வந்தது.

ஒன்பதாம் நாள், வியாழன், மாலை 7.20, ஓசூர் ரோடு, சில்க் போர்டுக்கு 200 மீட்டர் முன்னால். இரண்டாவது பல்பு ஒருமுறை துடித்தது. மங்கியது. அணைந்தது. எஞ்சின் நின்றது. முதல் பல்பு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

பின்னால் ஹாரன்கள். ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். பதிவு 12: நடுவில்.

*

நடுவில் இருந்தது ஒரே ஒரு கப்ளர், வயர்களைக் கோக்கும் பிளாஸ்டிக் இணைப்பு. எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையிலான தகட்டுக்குப் பக்கத்தில், பழைய டேப் சுற்றிய வயர்க்கட்டுக்குள். டேப்பைப் பிரித்தபோது உள்ளே ஈரம். தண்ணீர் வயர்க்கட்டு வழியாக இறங்கி, வெளியேற வழி இல்லாமல் கப்ளருக்குள் தங்கியிருக்கிறது. பிளாஸ்டிக் ஒரு பக்கம் பழுப்பேறி இளகியிருந்தது. ஆண் முள்ளைப் பிடிக்க வேண்டிய பெண் முனை, இறுக்கம் இழந்து வாய் திறந்து நின்றது. சூட்டில் இன்னும் விரிந்து விலகும், ஈரத்தில் இடையில் உப்பும் பச்சையும் சேரும். ஒன்பதும் இரண்டும் இந்த ஓரிடத்தில் சந்தித்தன.

வயரின் ரப்பரை ஒரு அங்குலம் சீவினார். செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தன.

"களிம்பு" என்றார் அண்ணன்.

எனக்கு அந்தச் சொல் சைவ சித்தாந்த வகுப்புகளில் கேட்டுப் பழகியது. உயிரோடு ஆணவம் ஒட்டியிருப்பதற்குச் செம்பில் களிம்பை உவமையாகச் சொல்வார்கள். வெளியிலிருந்து பூசியது அல்ல, செம்போடு செம்பாக இருப்பது. அந்த உவமையைச் சொன்னவர்கள் செம்பைக் கையில் வைத்துத் தேய்த்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் மூடிய ரப்பருக்குள், யாரும் பார்க்காத இடத்தில் இது வளர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது அந்த உவமை எனக்கு முதன்முதலாகக் கண்ணால் புரிந்தது.

*

புதிய கப்ளர் போட்டாயிற்று. பளபளப்பான செம்பு தெரியும்வரை வயரை வெட்டி, முனை கிரிம்ப் செய்து, ஸ்லீவ் ஏற்றி, தண்ணீர் வடியும்படி வயரைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டார்.

காயிலை மாற்றியபோதும் தீர்ந்தது என்றுதானே நினைத்தேன்? இது எப்படி உறுதி? அண்ணன் பழைய கப்ளரைத் தூக்கிப் போடவில்லை. மேஜையில் பேட்டரிக்கும் ஹெட்லைட் பல்புக்கும் நடுவில் அதை மாட்டினார். பல்பு எரிந்தது. ஹேர் டிரையரால் சூடு காட்டினார். மூன்றாவது நிமிடத்தில் பல்பு மங்கியது. விரலால் தட்டினார், எரிந்தது. மறுபடி சூடு, மறுபடி மங்கல். புதிய கப்ளரை அதே இடத்தில் மாட்டிப் பத்து நிமிடம் சூடு காட்டினார். பல்பு அசையவில்லை.

பழுதை வேண்டும்போது வரவழைத்து, வேண்டும்போது போக வைக்க முடிந்தால்தான் அதைக் கண்டுபிடித்தோம் என்று சொல்லலாம்.

*

புதிய வண்டிகள் இந்த நோட்டைத் தாமே எழுதிக்கொள்கின்றன. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமான ஓ.பி.டி. 2 முறையில், பழுது பதிவாகும் கணத்தில் எஞ்சின் சூடு, சுற்று, வேகம் எல்லாம் நினைவில் சேமிக்கப்படுகின்றன. இந்தியாவிலும் அந்த முறை வந்துவிட்டது. பழைய வண்டிக்கு நினைவு கிடையாது. ஓட்டுகிறவர்தான் அதற்கு நினைவாக இருக்க வேண்டும்.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் டாஷ்போர்டில் இருக்கட்டும். ஒத்துப்போகாத பதிவை அடிக்காதீர்கள். நிற்காமல் ஓடிய நாட்களையும் எழுதுங்கள். அந்த நாட்களை எழுதாமல், எந்த நிலைமையில் நிற்கிறது என்று ஒப்பிட முடியாது.

*

பல்புகளை ஒரு மாதம் கழற்ற வேண்டாம் என்றார் அண்ணன். சூடும் வேண்டும், மழையும் வேண்டும், இரண்டும் வந்து போகட்டும் என்றார்.

திங்கள், காலை 7.45. இரவெல்லாம் மழை. எஞ்சின் குளிர்ச்சி. 10 நிமிடம். இரண்டும் எரிகின்றன. ஓடியது.

புதன், மாலை 6.50. சில்க் போர்டு. மழை இல்லை. 55 நிமிடம், நெரிசல். இரண்டும் எரிகின்றன. ஓடியது.

வெள்ளி, மாலை 7.15. மடிவாளா. கொட்டும் மழை, முழங்கால் அளவு தண்ணீரைச் சுற்றிக்கொண்டு வேறு வழி. 1 மணி 20 நிமிடம். இரண்டும் எரிகின்றன. ஓடியது.

ஒரு மாதம் கழித்து, ஞாயிறு, காலை 11.00. வில்சன் கார்டன். பல்புகளைக் கழற்றினோம். அண்ணன் அவற்றைத் துடைத்து, வயரைச் சுருட்டி, அடுத்த வண்டிக்கு ஆகும் என்று தன் டப்பாவில் வைத்துக்கொண்டார்.